அலுவலகத்தில் நாற்காலி மசாஜ்: பயன்களும் முறையாகத் தொடங்கும் வழியும்

நாற்காலி மசாஜ் என்றவுடன், வணிக வளாகங்களில் பணம் கட்டி உட்காரும் இயந்திர நாற்காலியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வழிகாட்டி பேசுவது, பயிற்சி பெற்ற ஒருவர் தம் கைகளால் செய்யும் மசாஜைப் பற்றி. முகத்தைத் தாங்கும் வளையம், மார்பைச் சாய்த்துக்கொள்ளும் பலகை, கைகளை வைக்கும் தட்டு, முழங்கால்களைத் தாங்கும் மெத்தை ஆகியவை கொண்ட ஒரு மடக்கு நாற்காலியில் ஊழியர் முன்புறமாகச் சாய்ந்து அமர்கிறார். உடையைக் களைவதில்லை, எண்ணெய் தடவுவதில்லை. பத்து முதல் இருபது நிமிடங்களுக்குள் கழுத்து, தோள்பட்டை, முதுகு, கைகள் ஆகிய இடங்களை அழுத்தியும் நீவியும் விட்டு முடித்துவிடுகிறார்கள். எழுந்தவர் நேராகத் தம் மேசைக்குத் திரும்பி வேலையைத் தொடரலாம்.

இந்த வடிவத்துக்கு வழிவகுத்தவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘அன்மா’ என்னும் ஜப்பானிய மசாஜ் முறையைக் கற்பித்துவந்த டேவிட் பால்மர். தனி அறை, உடை களைதல், ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டிய கட்டாயம், அதற்கேற்ற கட்டணம் ஆகியவையே பெரும்பாலானோரை மசாஜிலிருந்து விலக்கி வைக்கின்றன என்று கண்ட அவர், உடையோடு உட்கார்ந்த நிலையில் குறுகிய நேரத்தில் செய்யும் முறையை 1980களின் தொடக்கத்தில் வகுத்தார். அவருடைய குழுவுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஆப்பிள் கம்ப்யூட்டர் நிறுவனம். இதற்கென்றே வடிவமைக்கப்பட்ட நாற்காலி 1986இல் விற்பனைக்கு வந்தது. அன்மாவின் தாய்நாடான ஜப்பானில் இத்தொழில் நூற்றாண்டுகளாகப் பார்வையற்றோரின் வாழ்வாதாரமாக இருந்துவருகிறது. இன்றும் அங்குள்ள பல நிறுவனங்கள், உரிமம் பெற்ற பார்வைக் குறைபாடுடைய மசாஜ் நிபுணர்களை ‘ஹெல்த் கீப்பர்’ என்ற பெயரில் சம்பளத்துக்கு அமர்த்தித் தம் ஊழியர்களுக்கு மசாஜ் செய்யவைக்கின்றன. வெளியிலிருந்து எப்போதாவது வரும் விருந்தாகப் பார்க்காமல், அலுவலக வேலையின் ஒரு பகுதியாகவே இதைப் பார்க்கும் அந்த அணுகுமுறைதான் நமக்கும் பொருத்தமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ‘வெல்னஸ் டே’ என்று இரண்டு நாற்காலிகளைப் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் யாருடைய கழுத்து வலியும் குறையாது. வேலை நேரத்துக்குள், தவறாத இடைவெளியில், பயிற்சி பெற்ற கைகளால் கிடைக்கும்போதுதான் இதற்குப் பலன் உண்டு.

பயன்கள்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலை நேராக இருக்கும்போது கழுத்தெலும்புகள் அதை எளிதாகச் சுமக்கின்றன. லேப்டாப் திரையை நோக்கிக் குனியும்போது சுமை பின்கழுத்துத் தசைகளுக்கு மாறிவிடுகிறது. 60 பாகை அளவுக்குக் குனிந்தால் கழுத்தின் மீதான விசை 27 கிலோ வரை உயரும் என்று 2014இல் வெளியான ஒரு கணினி மாதிரிக் கணக்கீடு காட்டியது. பிடரியிலிருந்து தோள்வரை பரந்திருக்கும் தசையும், தோள்பட்டை எலும்பின் உள்மேல் முனையைக் கழுத்தோடு இணைக்கும் தசையும் இந்தச் சுமையை மணிக்கணக்கில் ஏந்தி இறுகிப்போகின்றன. விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும் முடிச்சு பலருக்கும் அந்த உள்மேல் முனையில்தான் இருக்கும். மவுஸ் பிடிக்கும் கையில், முழங்கைக்குக் கீழே உள்ள தசைகளும் இதேபோல் இறுகுகின்றன. நாற்காலி மசாஜ் சென்றடைவது சரியாக இந்த இடங்களை. ஆகவே மேசை வேலை செய்வோருக்கு அது இவ்வளவு பொருந்திப்போகிறது.

ஆய்வுகளும் உண்டு. மயாமி பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்டும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேருக்கு வாரம் இருமுறை, 15 நிமிடம் வீதம், ஐந்து வாரங்களுக்கு நாற்காலி மசாஜ் கொடுக்கப்பட்டது; 24 பேர் அதே நேரம் நாற்காலியில் ஓய்வாக அமரவைக்கப்பட்டனர். மசாஜ் பெற்றவர்கள் கணக்குகளை முன்பைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். அவர்களின் மூளை அலைப் பதிவுகள் தூக்கக் கலக்கத்தைக் காட்டாமல் விழிப்பு நிலையைக் காட்டின. “மசாஜ் செய்தால் தூக்கம் வந்துவிடாதா, பிற்பகல் வேலை என்னாவது?” என்று கேட்கும் மேலாளர்களுக்கு இந்த முடிவை நான் தவறாமல் எடுத்துச்சொல்வேன். 1997இல் 52 ஊழியர்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், பணியிடத்திலேயே 15 நிமிட மசாஜ் பெற்ற பிறகு இரத்த அழுத்தத்தின் மேல் அளவும் கீழ் அளவும் குறைந்திருந்தன.

இவை சிறிய குழுக்களில் செய்யப்பட்டவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மசாஜ் ‘கார்ட்டிசால்’ என்னும் அழுத்த ஹார்மோனைப் பெருமளவு குறைக்கிறது என்று விளம்பரங்களில் காணப்படும் கூற்றை, 2011இல் வெளியான விரிவான மறுமதிப்பீடு ஏற்கவில்லை. அந்தக் குறைவு மிகச் சிறியதே என்று அது கண்டது. உடலிலுள்ள நச்சுகளை வெளியேற்றும், எடையைக் குறைக்கும் என்றெல்லாம் பேசும் சேவை நிறுவனத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது. இறுக்கம் தளர்வது, கழுத்தை எளிதாகத் திருப்ப முடிவது, பதற்றம் தணிவது, அடுத்த சில மணி நேரத்துக்கு மனம் தெளிவாக இருப்பது ஆகியவை நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பலன்கள். திரையின் உயரம் சரியில்லாமல், நாற்காலியின் முதுகுத் தாங்கி உடைந்து, பன்னிரண்டு மணி நேர வேலை தொடரும் இடத்தில் மசாஜ் கொடுத்த நிம்மதி மறுநாளே கரைந்துவிடும். அந்தக் குறைகளைச் சரிசெய்யும் வேலையும் இதனோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

முதல் படி: யாருக்கு, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்

பெயர் குறிப்பிடாத ஒரு சிறிய படிவம் போதும். கழுத்து, தோள், மேல்முதுகு, இடுப்பு, மணிக்கட்டு, கால் என்று உடற்பகுதிகளைக் கொடுத்து, கடந்த ஒரு மாதத்தில் எங்கே, எவ்வளவு வலி என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லுங்கள். எந்த ஷிப்ட், எந்த வகை வேலை என்பதையும் கேளுங்கள். பெரும்பாலோர் கழுத்தையும் தோளையும் குறித்திருந்தால் நாற்காலி மசாஜ் உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தும். காலும் இடுப்பும்தான் அதிகம் என்றால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு துணிக்கடை ஊழியர்கள். நாள் முழுவதும் நின்றே விற்பனை செய்தவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தருவதற்காகத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. நின்று வீங்கிய கால்களுக்கு நாற்காலி மசாஜ் விடையாகாது. அங்கே முதலில் தேவைப்படுவது உட்கார ஓர் இருக்கையும் உட்கார அனுமதியும்தான்.

படிவத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். கணினி முன் அமர்பவர்களோடு, தரையைக் குனிந்து துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள், இரவெல்லாம் விழித்திருக்கும் செக்யூரிட்டி ஊழியர்கள், நெரிசலில் மணிக்கணக்கில் வண்டி ஓட்டும் கேப் ஓட்டுநர்கள் எல்லாரும் அதே கட்டடத்துக்காக உடலை வருத்துகிறவர்கள். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்ற காரணத்துக்காக இந்த நாற்காலி அவர்களுக்கு மறுக்கப்படக் கூடாது. கூடுதலாக ஆகும் செலவு சிறியது. விட்டுவிட்டால் அவர்கள் மனதில் ஏற்படும் காயம் பெரியது.

இரண்டாம் படி: நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒருவருக்கு 15 நிமிட மசாஜ் என்றால், துடைப்பதற்கும் அடுத்தவரிடம் இரண்டு வார்த்தை கேட்பதற்கும் 5 நிமிடம் சேர்த்து 20 நிமிடம் ஒதுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மூவர். காலை 10 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை என்று ஆறு மணி நேரத்தில் 18 பேருக்கு இடம் இருக்கும். ஆனால் முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு இடங்களை மசாஜ் செய்பவரின் ஓய்வுக்காக விட்டு, 16 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மூட்டும் மணிக்கட்டும் தேய்ந்து தொழிலையே விட நேரும் ஆபத்து இவர்களுக்கு எப்போதும் உண்டு. 64 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால், வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாற்காலி போதும்.

மதிய உணவு முடிந்த உடனேயே முதல் இடத்தை வைக்காதீர்கள். நிறைந்த வயிற்றோடு முன்புறம் சாய்ந்தால் நெஞ்செரிச்சலும் குமட்டலும் வரும். அரை மணி நேர இடைவெளியாவது வேண்டும். இரவு ஷிப்டுக்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்குங்கள். மசாஜுக்குச் செல்லும் 20 நிமிடம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்று மேலாளர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் அதிக வேலைப்பளு உள்ளவர்களே, அதாவது மிகவும் தேவைப்படுகிறவர்களே, வராமல் போவார்கள்.

மூன்றாம் படி: கைகளைத் தேர்ந்தெடுங்கள்

பிசியோதெரபிஸ்டுகள், இயற்கை மருத்துவம் படித்தவர்கள், ஆயுர்வேத சிகிச்சையாளர்கள், ஸ்பா பயிற்சி பெற்றவர்கள் எனப் பல பின்னணிகளிலிருந்து இத்தொழிலுக்கு வருகிறார்கள். எல்லாரும் நாற்காலியில் செய்து பழகியவர்களாக இருக்கமாட்டார்கள். எண்ணெய் தடவிச் செய்யும் வழுக்கலான நீவலை உடைக்கு மேல் செய்தால் துணி இழுபட்டுத் தோல்தான் எரியும். எனவே சான்றிதழைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நீங்களே நாற்காலியில் அமர்ந்து ஒருமுறை செய்துகொள்ளுங்கள். தொடங்கும் முன் உடல்நிலை பற்றிக் கேட்டாரா, அழுத்தம் போதுமா என்று இடையில் விசாரித்தாரா, முதுகெலும்பின் மேலேயே அழுத்தாமல் அதன் இருபுறமும் உள்ள தசையை அழுத்தினாரா என்று கவனியுங்கள்.

கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பவரை எக்காரணத்தைக் கொண்டும் அழைக்காதீர்கள். முடிதிருத்தகங்களில் இது சாதாரணமாக நடக்கிறது என்பதால் நம் ஊழியர்களே அதைக் கேட்கக்கூடும். கழுத்தெலும்புகளுக்குள் ஊடுருவி மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் அந்தத் திடீர்த் திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வரும் வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்திலேயே இதைத் தடைசெய்து எழுதிவிடுங்கள்.

கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல், மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தலைக்கணக்கு வைத்தால் வேகம் கூடும், கவனம் குறையும். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கிய சேவைக்குக் கட்டிய வரியை நிறுவனம் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, இத்தகைய சேவைகளுக்குப் பொதுவாக மறுக்கப்படுவதால், வரியையும் செலவில் சேர்த்தே பட்ஜெட் போடுமாறு உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நான்காம் படி: இடமும் உடையும்

நாற்காலியைச் சுற்றி நான்கு புறமும் ஒருவர் நடமாடும் அளவுக்கு, சுமார் எட்டடிக்கு எட்டடி இடம் தேவை. ஒரு சிறிய மீட்டிங் ரூம் பொருத்தமானது. கதவில் கண்ணாடி இருந்தால் பாதிவரை மறையுங்கள். முழுவதும் மறைத்து, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் அறையாக ஆக்கிவிடாதீர்கள். ஏ.சி. காற்று நேரடியாக முதுகில் படக் கூடாது. முக வளையத்துக்கு ஒவ்வொருவருக்கும் புதிய டிஷ்யூ உறை, கிருமிநாசினித் துடைப்பான், மூடியுள்ள குப்பைத்தொட்டி, குடிநீர் ஆகியவை அறையிலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் நான் காணாத ஒன்று உடைப் பிரச்சினை. இந்த நாற்காலி, முழங்கால்களை இருபுறமும் அகற்றி அமரும்படி வடிவமைக்கப்பட்டது. பேன்ட் அணிந்தவருக்கு அது இயல்பு. புடவை கட்டியவருக்கு அது பெருஞ்சங்கடம். அந்தச் சங்கடத்தைச் சொல்லாமலேயே பல பெண்கள், குறிப்பாக நடுத்தர வயதைக் கடந்தவர்கள், பெயரைப் பதிவு செய்யாமல் ஒதுங்கிவிடுவார்கள். இதற்கு மாற்று இருக்கிறது. மேசை விளிம்பில் பொருத்தும் முக வளையம் தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும், சாதாரண நாற்காலியில் கால்களைச் சேர்த்து அமர்ந்து, மேசை மீது இரண்டு கெட்டியான தலையணைகளை அடுக்கி முன்புறம் சாய்ந்தால் அதே பலன் கிடைக்கும். பதிவுப் படிவத்திலேயே ‘மேசையோடு சாய்ந்து அமரும் முறையும் உண்டு’ என்று எழுதி வையுங்கள்.

புடவையின் முந்தானையும் சுடிதார் துப்பட்டாவும் தோளில் ஊக்கால் குத்தப்பட்டிருக்கும். துணி மடிப்புக்குள் மறைந்திருக்கும் அந்த ஊக்கு கண்ணுக்குத் தெரியாது. முழங்கை வைத்து அழுத்தினால் திறந்து தோளில் குத்திவிடும். ஆகவே தொடங்கும் முன் ஊக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டு, எடுத்துவிட அல்லது இடம் மாற்றச் சொல்வது மசாஜ் செய்பவரின் முதல் வேலையாக இருக்க வேண்டும். அடையாள அட்டைப் பட்டை, மூக்குக்கண்ணாடி, காதணி, கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்றி வைக்க ஒரு சிறிய தட்டு வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லக் கூடாது. அதைச் சற்று முன்புறம் தளர்த்திவிட்டு, பின்கழுத்தில் அது அழுந்தாதவாறு வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தலையில் மல்லிகைப்பூ வைத்திருப்பவருக்குத் தலைப்பகுதியை விட்டுவிடலாமா என்று கேட்பது சின்ன மரியாதைதான், ஆனால் அடுத்தமுறையும் அவரை வரவைப்பது அதுவே.

ஐந்தாம் படி: யாருக்குச் செய்யக் கூடாது என்பதைத் தெளிவாக்குங்கள்

ஒவ்வொருவரும் முதல்முறை வரும்போது ஒரு பக்க உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். காய்ச்சல், தோல் தொற்று, திறந்த புண், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை அல்லது விபத்து, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், காரணம் தெரியாமல் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருத்தல் ஆகியவை இருந்தால் அன்றைக்கு மசாஜ் கிடையாது. கடைசியாகச் சொன்னது ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். கழுத்து வலியோடு கை மரத்துப்போவது, பிடி தளர்வது, விரல் நுனிவரை மின்சாரம் பாய்வதுபோல் உணர்வது ஆகியவை நரம்பு அழுத்தத்தைக் குறிக்கலாம். இவர்களுக்கும் முதலில் மருத்துவரின் கருத்து தேவை.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் சம்மதித்தால் மென்மையான அழுத்தம் மட்டுமே. கர்ப்பிணிகளுக்கு அவர்களுடைய மருத்துவரின் ஒப்புதலும், அதில் அனுபவமுள்ள கைகளும் வேண்டும். வயிற்றை அழுத்தும் மார்புப் பலகை அவர்களுக்கு ஆகாது.

இந்தப் படிவங்கள் எச்.ஆர். கோப்புக்குள் போகக் கூடாது. தான் கர்ப்பமாக இருப்பதையோ மனநல மருந்து எடுப்பதையோ மேலாளர் அறிந்துவிடுவார் என்ற அச்சம் இருந்தால் ஊழியர் உண்மையை எழுதமாட்டார். உண்மை இல்லாத படிவத்தால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. மசாஜ் செய்பவரிடமோ அலுவலக மருத்துவ அறையிலோ பூட்டி வைத்து, திட்டம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஆறாம் படி: சம்மதமும் கண்ணியமும்

தொடுதல் சம்பந்தப்பட்ட எதிலும் விருப்பம் என்பது முழு விருப்பமாக இருக்க வேண்டும். குழுவாக எல்லாரும் போக வேண்டும் என்று எந்த மேலாளரும் வற்புறுத்தக் கூடாது. வராதவரிடம் காரணம் கேட்கக் கூடாது. ஆண், பெண் இருவரில் யார் மசாஜ் செய்ய வேண்டும் என்பதைப் பதிவின்போதே தேர்ந்தெடுக்கும் வசதி கொடுங்கள். தொடும் இடங்கள் இவை மட்டும் என்று ஒரு படத்தோடு அறையில் ஒட்டி வையுங்கள்: தலை, பின்கழுத்து, தோள், முதுகு, கைகள். எந்த நொடியிலும் ‘போதும்’ என்றால் நிறுத்திவிட வேண்டும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருப்பது கட்டாயம். அக்குழு உறுப்பினர்களின் தொடர்பு விவரத்தை அதே அறையில் ஒட்டுங்கள். அந்தப் பாதுகாப்பு உங்கள் ஊழியர்களுக்கு மட்டுமன்று. அங்கே வேலைக்கு வரும் மசாஜ் பெண்ணுக்கும் உண்டு. கேலியாகப் பேசுவது, தனிப்பட்ட எண்ணைக் கேட்பது, தகாத முறையில் நடந்துகொள்வது ஆகியவை அவர்கள் அன்றாடம் சந்திக்கும் துன்பங்கள். புகார் கொடுத்தால் ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருக்கக் கூடாது; முதல் நாளே அவரை அழைத்து, யாரிடம் சொல்ல வேண்டும் என்று நேரில் விளக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: அந்தப் பதினைந்து நிமிடம்

முதல் இரண்டு நிமிடம் அமரும் நிலைக்கே போக வேண்டும். முக வளையத்தின் கோணம் சரியாக இருந்தால் தாடை சற்று உள்வாங்கிப் பின்கழுத்து நீண்டிருக்கும். மூக்கு அழுந்தினால் வளையத்தை அகலப்படுத்த வேண்டும். பிறகு உள்ளங்கைகளை முதுகெலும்பின் இருபுறமும் வைத்து, அமர்ந்திருப்பவர் மூச்சை வெளியே விடும்போது மெல்ல எடையைச் சாய்த்து, மேலிருந்து இடுப்புவரை இறங்குவார்கள். அடுத்து முன்கையால் தோளின் மேல்தசை, கட்டைவிரலால் தோள்பட்டையின் உள்மேல் முனை. முடிச்சைக் கண்டால் ஐந்து முதல் பத்து நொடி நிலையாக அழுத்தி மெதுவாக விடுவது வழக்கம். ‘நல்ல வலி’ என்ற அளவோடு நிற்க வேண்டும். அமர்ந்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ விரல்களை மடக்கிக்கொண்டாலோ அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

பின்னர் கைகள். முழங்கை முதல் மணிக்கட்டுவரை நீவி, கட்டைவிரலின் அடிமேட்டை அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிடும்போதுதான் கணினி வேலை செய்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கையும் இவ்வளவு களைத்திருந்ததை அவர்கள் அதுவரை அறிந்திருக்கமாட்டார்கள். கழுத்தின் பின்புறத்தை விரல்களால் மென்மையாகப் பிசையலாம். முன்புறமும் பக்கவாட்டும் பெரிய இரத்தக் குழாய்கள் செல்லும் இடங்கள், அங்கே கை போகக் கூடாது. கடைசியாகத் தலை, பின்பு முதுகில் லேசான தட்டல். முடிந்ததும் உடனே எழவிடாமல், ஒரு நிமிடம் நிமிர்ந்து அமரவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். சிலருக்கு இரத்த அழுத்தம் தணிந்திருப்பதால் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும்.

எட்டாம் படி: எட்டு வாரம் நடத்தி அளந்து பாருங்கள்

ஊழியர்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் எட்டு வாரமும் மறுபாதிக்கு அடுத்த எட்டு வாரமும் கொடுத்தால், காத்திருக்கும் பாதியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். முதல் படியில் கேட்ட அதே 0 முதல் 10 வரையிலான வலி அளவை, மசாஜுக்கு முன், முடிந்த உடன், அடுத்தமுறை வரும்போது என்று மூன்று சமயங்களில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த உடனே குறைவது பெரும்பாலோருக்கு நடக்கும். அடுத்தமுறை வரும்போது தொடக்கத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி. விடுப்பு குறைந்தது, உற்பத்தி உயர்ந்தது என்று ஐம்பது அறுபது பேரை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த எண்ணிக்கையில் தற்செயலையும் பலனையும் பிரித்தறிய இயலாது.

எட்டு வாரத்துக்குப் பிறகும் ஒருவருடைய வலி அளவு அசையாமல் நின்றால், அவருக்கு மேலும் மசாஜ் கொடுப்பதை விட்டு, அவருடைய மேசையருகே சென்று பாருங்கள்: திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கிறதா, பாதங்கள் தரையில் முழுதாகப் படிகின்றனவா, எத்தனை மணி நேரம் எழாமல் அமர்கிறார் என்று. அவற்றைச் சரிசெய்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிய பின் நாற்காலிக்கு அவரை மீண்டும் அழைக்கலாம். பலன் கண்டவர்களுக்கு இடைவெளியை இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரமாக நீட்டி, கிடைக்கும் இடங்களைக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஊழியர்களின் பெயர்கள் கடைசியில் தள்ளப்படவில்லையா என்று ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொள்ளுங்கள்.